பத்து வயதுக்கு உட்பட்ட கை

நினியன் கூரைமேல் உட்கார்ந்து பலகை அடித்துக்கொண்டிருந்தான். வாயில் மூன்று ஆணிகள் இருந்தன. கீழே குதிரையை நிறுத்திய ஆள், நாட்டுக்கு அடுத்த ஜனாதிபதி யார் என்று முடிவு செய்கிற வேலையில் உன் பெயரையும் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துக் கத்தினான். வாயில் ஆணி இருந்ததால் நினியனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு அவன் வாயைத் திறந்தபோது வந்தவன் ஓடையைத் தாண்டிப் போயிருந்தான். ஆணி இல்லாவிட்டாலும் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டான் என்பது அவன் மனைவி இஸபெலுக்குத் தெரியும். அரசாங்கம் என்று யார் வந்து எதைச் சொன்னாலும் தொப்பியைக் கழற்றுகிற பழக்கம் அவனுக்கு.

டென்னஸி மாநிலமாகி அப்போது ஒரு கோடைதான் போயிருந்தது. அதற்குள் ஜனாதிபதி தேர்தல் வந்துவிட்டது. எட்டு வருஷம் ஆண்ட வாஷிங்டன் போதும் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க எல்லா மாநிலமும் ஆள் அனுப்ப வேண்டும், புது மாநிலமும் அனுப்ப வேண்டும். ஊர் ஊராக ஓட்டுப் போட வைக்க நேரமில்லை. சட்டசபையில் இருந்தவர்கள் யோசித்து, குடிமக்களுக்குக் கூடியவரை தொந்தரவு இல்லாமல் இந்தக் காரியத்தை முடித்துவிடுவோம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது ஜில்லாவுக்கும், மூன்று பேரை அவர்களே பெயர் சொல்லிப் போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்து நாலு கவுண்டிக்காரர்கள், ஆகப் பன்னிரண்டு பேர், ஹன்னாபரோ என்ற ஊரில் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒருவர் மாநிலத் தலைநகருக்குப் போய் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார். குடிமக்கள் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இஸபெலுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. சட்டியில் மாவு வேகிறதா என்று பார்க்கிற மாதிரி எந்த விஷயத்தையும் குத்திக் குத்திப் பார்ப்பாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பன்னண்டு பேரு சேந்து ஒருத்தரைத் தேடணும். அவரு போயி ஜனாதிபதியைத் தேடுவாரு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அந்தப் பன்னண்டு பேரைத் தேடினது யாரு?"

"சட்டசபை."

"சட்டசபையைத் தேடினது?"

"நாங்கதான். ஓட்டுப் போட்டமே."

"அப்ப நேரா உங்ககிட்டயே கேட்டுத் தொலைச்சிருக்கலாமே. தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுக்குப் பேரு அரசாங்கமா?"

"ஜனங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னுதான் இப்படி."

"எல்லாத் தொந்தரவும் இந்த வீட்டுலதானே வந்து விழுந்திருக்கு" என்றாள் இஸபெல். நினியன் கஞ்சியைக் குடித்தான். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். அதை மறைக்க அவன் பட்ட பாட்டைப் பார்க்க அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாதிரியார் மற்ற பெயர்களையும் சொன்னார். ஆற்றுக்கு அக்கரைக் கவுண்டியின் மூன்று பேரில் ஒருவர் லாக்லன் மக்டீர், படகுத்துறைக்காரர். லாக்லன் இஸபெலின் கூடப் பிறந்த அண்ணன். ஒன்பது வருஷமாக அவன் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. சட்டசபையில் உட்கார்ந்து பெயர் போட்ட புண்ணியவான்களுக்கு யாருக்கு யாரோடு ஆகாது என்பதெல்லாம் தெரியுமா என்ன?

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாநிலம் என்பது புதுப் பலகாரம் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை தாங்களாகவே சுட்டுத் தின்று வயிறு கெட்டவர்கள். மலைக்கு அந்தண்டை இருக்கிற வட கரோலைனாவுக்கு அடங்கியிருக்க முடியாது என்று சொல்லி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாநிலத்தை அறிவித்தார்கள். அதற்கு பிராங்க்ளின் என்று பெயர் வைத்தார்கள். கவர்னர் வந்தார், கோர்ட்டு வந்தது, உத்தியோகஸ்தர்களுக்கு மான்தோலில் சம்பளம் வந்தது. நாட்டின் சபை மட்டும் அப்படி ஒரு மாநிலம் இருப்பதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. கரோலைனாவும் விடாமல் தன் கோர்ட்டை அதே ஊரில் நடத்தியது. ஒரே ஊருக்கு இரண்டு ஷெரிஃப், இரண்டு நீதிபதி. இவன் கோர்ட்டுக் காகிதத்தை அவன் பிடுங்கிக்கொண்டு ஓடுவான், அவன் கோர்ட்டுக் காகிதத்தை இவன் பிடுங்கிக்கொண்டு வருவான். நாலே வருஷத்தில் பிராங்க்ளின் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஆனால் பிராங்க்ளின்காரன், கரோலைனாக்காரன் என்கிற பேச்சு போகவில்லை. செத்தவன் சொத்துக்குச் சண்டை அதிகம் என்பார்கள்.

லாக்லன் அப்போது பிராங்க்ளினில் ஒரு மாஜிஸ்திரேட். எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில், படகுத்துறையில் இருந்த தன் வீட்டில், தன் தங்கைக்கும் நினியனுக்கும் அவனேதான் கல்யாணம் செய்து வைத்தான். அந்த நவம்பரில் ஜென்னட் பிறந்தாள். பிறகு கரோலைனாவிலிருந்து சேதி வந்தது: திரும்பி வந்துவிடுங்கள், பாக்கி வரியெல்லாம் தள்ளுபடி. கூடவே இன்னொரு சேதியும் ஊருக்குள் பரவியது: பிராங்க்ளின் கோர்ட்டு செய்த எதுவும் செல்லாது, கல்யாணம் உட்பட. நினியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கரோலைனா பக்கம் சேர்ந்துகொண்டான். சேர்ந்ததோடு விட்டானா? மறு பிப்ரவரியில் இஸபெலை அழைத்துப் போய்க் கரோலைனா மாஜிஸ்திரேட் முன்னால் இரண்டாம் தடவை கல்யாணம் செய்துகொண்டான். மூன்று மாதக் குழந்தை ஜென்னட் வெளியே யாரோ ஒருத்தியின் மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

லாக்லன் அன்றைக்குச் சாயங்காலம் வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "நான் பண்ணி வச்ச கல்யாணம் கல்யாணமே இல்லைன்னா, இந்த ஒரு வருஷமா என் தங்கச்சி உன் வீட்டுல யாரா இருந்தா? அதுக்குப் பதிலைச் சொல்லு, நான் போயிடறேன்" என்றான். நினியன் பதில் சொல்லவில்லை. லாக்லன் போய்விட்டான். அதன் பிறகு அவர்கள் ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்து புது மனுஷர்கள் மத்தியில் வீடு கட்டினார்கள். புது ஊரில் யாரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்று நினியன் மகளின் வயதில் ஒரு வருஷத்தைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தான். ஜென்னட்டுக்கே அவளுடைய நிஜ வயது தெரியாது. இஸபெலும் சும்மா இருந்துவிட்டாள். ஆனால் அண்ணன் கேட்ட கேள்வி அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. அதற்குப் பதில் வேண்டியது அண்ணனுக்கு மட்டும் இல்லை. அந்த ஒரு வருஷம் தான் யாராக இருந்தோம் என்று புருஷன் வாயால் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. கேட்டால் அவன் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவான்.

"நானும் வர்றேன். ஜென்னட்டும் வரட்டும்" என்றாள்.

"அங்க பொம்பளைங்களுக்கு என்ன வேலை?"

"ஜனாதிபதியை எப்படிச் செய்யறாங்கன்னு பாக்கணும். வெண்ணெய் கடையறதைப் பாத்திருக்கேன், சோப்பு காய்ச்சறதைப் பாத்திருக்கேன். இது ஒண்ணைத்தான் பாத்ததில்ல." அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாததும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

வழி நெடுக மழை தூறியது. ஜென்னட் அம்மாவுக்குப் பின்னால் குதிரையில் உட்கார்ந்து, ஜனாதிபதி குதிரையில் வருவாரா வண்டியில் வருவாரா என்று கேட்டாள். அவர் வரவே மாட்டார் என்று தெரிந்ததும் அப்புறம் எதற்குப் போகிறோம் என்று கேட்டாள். தாயைப் போலப் பிள்ளை. பன்னிரண்டு பேர் முன்னால் நிற்கப்போகிற ஆட்கள் இரண்டு பேர் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரோலைனாக்காரர்களுக்குக் கர்னல் மேபின், பிராங்க்ளின்காரர்களுக்குக் கேப்டன் டன்லப்.

"கர்னல் தலைநகருக்குப் போனா யாருக்கு ஓட்டுப் போடுவாரு?" என்றாள் இஸபெல்.

"ஜெஃபர்சனுக்கு."

"கேப்டன் போனா?"

"அவரும் ஜெஃபர்சனுக்குத்தான்."

"அப்ப என்னத்துக்கு இத்தனை அடிதடி?"

நினியன் அடுத்த ஓடை வரைக்கும் யோசித்தான். "கர்னல் நம்ம ஆளு" என்றான்.

ஹன்னாபரோ கோர்ட்டு என்பது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரே அறை. கண்ணாடி இல்லாத ஒரு ஜன்னல், ஒரு கணப்பு, இரண்டு நீள பெஞ்சு. பன்னிரண்டு பேரும் யாரும் சொல்லாமலே இரண்டு பெஞ்சாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் புகையிலையும் விஸ்கியும் கலந்த வாடை. இஸபெல் மகளைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். எதிர் பெஞ்சின் கோடியில் லாக்லன் இருந்தான். தாடி நரைத்துவிட்டது. ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். எப்போது அடிபட்டது, யார் மருந்து போட்டார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு ஜென்னட்டைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். கைக்குழந்தையாகப் பார்த்த பெண் அவன் அம்மாவின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு எதிரில் நின்றால் அவன்தான் என்ன செய்வான்?

கோர்ட்டு கிளார்க் டன்னல் மெலிந்த மனிதர், எப்போதும் சளி பிடித்தவர். அவர் பெயர்களைக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து தன் ஆளைச் சொன்னார்கள். நினியன் கர்னல் என்றான். லாக்லன் கேப்டன் என்றான். ஆறு கர்னல், ஆறு கேப்டன். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் ஆறுக்கு ஆறு. நடுவில் விஸ்கிக் குடம் ஒரு சுற்று வந்தது. யார் மனசாவது இளகும் என்று பார்த்தார்கள், குரல்தான் உயர்ந்தது. மூன்றாம் தடவையும் ஆறுக்கு ஆறு.

டன்னல் மூக்கைச் சிந்திக்கொண்டு சட்டத்தை எடுத்துப் பார்த்தார். "சமமா வந்தா, ஜூரி எடுக்கற மாதிரி சீட்டுப் போட்டு எடுக்கணும்னு இருக்கு" என்றார். ஜூரிக்குச் சீட்டு எடுக்கிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைதான் எடுக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் பெரிய மனிதர்களின் கையை அவ்வளவுதான் நம்பினார்கள். டன்னல் அறையைச் சுற்றிப் பார்த்தார். மழையில் எந்தக் குழந்தை வெளியே சுற்றும்? ஜென்னட் ஒருத்திதான் இருந்தாள்.

"இந்தப் பாப்பா யாரோடது?"

"என் பொண்ணு" என்றான் நினியன்.

"பத்துக்குள்ளதானே?"

"ஒம்பது."

அவன் வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. பழகிய பொய் நாக்குக்கு உண்மை மாதிரியே இருக்கும். ஆனால் எதிர் பெஞ்சில் லாக்லனின் தலை நிமிர்ந்தது. குழந்தை பிறந்த அன்றைக்கு மருத்துவச்சியைக் கூப்பிட ஆற்றில் படகு வலித்துக்கொண்டு போனவன் அவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீட்டு நின்றுவிடும், நினியன் கோர்ட்டில் பொய் சொன்னவன் ஆகிவிடுவான். அவன் நினியனைப் பார்க்கவில்லை. இஸபெலைப் பார்த்தான். அந்த வார்த்தையைச் சொன்னால் இத்தனை ஆண்கள் நடுவில் எதை எண்ணிப் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஜென்னட்டை பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். யாருடைய தொப்பியிலோ இரண்டு சீட்டு போட்டார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒன்றை எடுத்தாள். டன்னல் பிரித்துப் படித்தார். "கர்னல் மேபின்."

கரோலைனா பெஞ்சு எழுந்து குதித்தது. ஹார்மன் என்று ஒருவன், நினியனுக்குப் பழைய சிநேகிதன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அவன் நினியனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "உன் ஓட்டு ஒண்ணு, உன் மக ஓட்டு ஒண்ணு. ரெண்டு ஓட்டு போட்ட ஆளு இந்த மாநிலத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்றான். எதிர் பெஞ்சில் ஒருவன் தரையில் துப்பினான். "என்ன லாக்லன், கல்லு மாதிரி உக்காந்திருக்க? ஏதாச்சும் சொல்லுய்யா" என்றான் இன்னொருவன்.

"எடுத்தது எடுத்ததுதான்" என்றான் லாக்லன். "கையில வந்ததை என்ன பண்ண முடியும்."

இஸபெலுக்கு அண்ணன் செய்தது புரிந்தது. கையில் இருந்த ஒரே கல்லை, தங்கைமேல் படும் என்பதற்காகக் கீழே போட்டுவிட்டான். இப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று அவள் பார்த்தாள். கர்னல் தலைநகருக்குப் போவார். நினியன் சந்தோஷமாக வீட்டுக்கு வருவான். அண்ணன் காலை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவான். ஜென்னட் ஒரு வயது குறைந்தவளாகவே வளர்ந்து, ஒரு வயது குறைந்தவளாகவே கல்யாணம் செய்துகொள்வாள். கேள்வி அப்படியே கிடக்கும், அவர்கள் எல்லோரையும் மண்ணில் வைத்து மூடிய பிறகும் கிடக்கும். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"பிள்ளைக்குப் பத்து முடிஞ்சிருச்சு" என்றாள்.

டன்னல் காதருகில் கையை வைத்தார். "என்னம்மா சொன்னீங்க?"

"போன வாரம் பத்து முடிஞ்சுதுங்க. அவ எடுத்த சீட்டு செல்லாது."

"அப்பன் ஒம்பதுங்கறான், ஆத்தா பத்துங்கறா" என்றான் ஹார்மன். "என்னப்பா இது, உங்க வீட்டுலயும் ரெண்டு கோர்ட்டா?" இரண்டு பெஞ்சும் சேர்ந்து சிரித்தது, அன்றைக்கு இரண்டும் ஒன்றாகச் செய்த முதல் காரியம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹார்மனின் நெற்றி சுருங்கியது. "இருங்க இருங்க. நினியா, உன் கல்யாணம் எண்பத்தேழு பிப்ரவரியிலதானே? நான்தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அப்ப இந்தப் பொண்ணு..."

மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் எண்ணுவது இஸபெலுக்குக் கேட்டது போல இருந்தது. ஒருவர் பார்வையும் அவள் முகத்தில் இல்லை. எல்லோரும் அவளுடைய செருப்பைப் பார்த்தார்கள். ஜென்னட் இன்னும் பெஞ்சின்மேல் நின்றபடி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நினியன் எழுந்தான். அவள் சொன்னது பொய் என்று இப்போது சொல்லிவிடலாம். பொம்பளைக்கு வருஷக் கணக்கு குழம்பிவிட்டது என்றால் நம்புவதற்கு அத்தனை பேரும் தயார். இஸபெல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நினியா, உக்காரு" என்றான் லாக்லன். அவன் தாங்கித் தாங்கி எழுந்திருந்தான். "ஒண்ணும் பேசாத. கர்னலே போகட்டும். எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. கிளார்க்கு, எழுதி முடிங்க."

"இல்ல மச்சான்" என்றான் நினியன். அந்த வார்த்தை ஒன்பது வருஷத்தில் அவன் வாயில் வந்ததில்லை. "எனக்குக் கல்யாணம் ஆனது எண்பத்தாறு பிப்ரவரியில. படகுத்துறை வீட்டுல. இதோ இவரு பண்ணி வச்சாரு. பொண்ணு பொறந்தது அந்த நவம்பர்ல. பத்து வயசுதான் ஆகுது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

டன்னல் தர்மசங்கடத்தோடு இருமினார். "அது பிராங்க்ளின் காலமாச்சே. அந்தக் கல்யாணம் கணக்குல..."

"கணக்குல இல்லாட்டிப் போகுது. எனக்கு நடந்துச்சு. அன்னிலேர்ந்து இவ என் பொண்டாட்டி, நடுவுல ஒரு நாள்கூட வேற யாருமா இருந்ததில்ல. அப்புறம் ரெண்டாவதா ஒண்ணு பண்ணேனே, அது பயத்துல பண்ணது."

"பயமா? எதுக்குப் பயம்?" என்றான் ஹார்மன்.

"வரிக்குத்தான். நீ எதுக்குப் பயந்து போனியோ அதுக்குத்தான்."

பிராங்க்ளின் பெஞ்சு தொடையைத் தட்டிச் சிரித்தது. கொஞ்சம் பொறுத்துக் கரோலைனா பெஞ்சிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். லாக்லன் சிரிக்கவில்லை. நின்றவன் நின்றபடியே நினியனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இஸபெல் அழுதாள். மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இத்தனை ஊர் ஆண்கள் நடுவில், கிளார்க் எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்த மனிதன் தொப்பி கீழே விழுந்தது தெரியாமல் நின்று பதில் சொல்லிவிட்டான். ஜனாதிபதியை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வந்தவளுக்கு அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சீட்டு செல்லாது என்று டன்னல் அறிவித்தார். வேறு குழந்தை வேண்டும். கோர்ட்டுக்குப் பக்கத்து விடுதிக்காரியின் மகளுக்கு மூன்று வயதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது, அவளைத் தூக்கி வரச் சொல்லி ஆள் போனது. கூடவே இன்னொரு தகராறு. முன்னால் எடுத்த தொப்பி ஒரு கரோலைனாக்காரனுடையது, அதனால்தான் கர்னல் வந்தார் என்றான் ஒருவன். அப்படியானால் உங்கள் தொப்பியும் வேண்டாம் என்றார்கள் இவர்கள். கடைசியில் விடுதியிலிருந்தே ஊறுகாய் போடுகிற மண் ஜாடி ஒன்றைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கரோலைனா பெஞ்சில் நினியனுக்கு இடம் விடுவார் யாரும் இல்லை. அவன் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். இஸபெல் பக்கத்தில் வந்து நின்றான். அவள் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜென்னட்டுக்குத்தான் ஆறவில்லை. "எனக்குப் பத்தா?"

"ஆமாம்" என்றாள் இஸபெல்.

"அப்ப ஒம்பது எப்ப வந்துச்சு?"

"போன வருஷம்."

"போன வருஷம் எட்டுன்னீங்களே! எனக்கு ஒம்பது வயசே வரலை. என் ஒம்பதை யாரு எடுத்தது?"

"உங்கப்பன் எடுத்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. லாக்லன் வாசல் நிலையைப் பிடித்து ஒரு காலை முதலில் இறக்கி, பிறகு மறு காலை இறக்கி வெளியே வந்தான். "பத்து வருஷம் கழிச்சாவது திருப்பிக் குடுத்தானேன்னு விடு. அவ்வளவு சுலபமாக் குடுக்கற ஆளில்ல அவன்."

நினியன் ஏதோ சொல்லப் பார்த்தான். "காலு என்னாச்சு?" என்பதுதான் வந்தது.

"படகு இடிச்சிருச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்படியா" என்றான் நினியன். பிறகு, "எனக்குத் தெரியாது" என்றான்.

"எப்படித் தெரியும்" என்றான் லாக்லன். அதில் குத்தல் இல்லை.

அதற்குள் உள்ளே கூச்சல். நாலு பேரும் ஜன்னலுக்குப் போனார்கள். லாக்லனால் எட்டிப் பார்க்கக் காலை ஊன்ற முடியவில்லை. நினியனின் தோளில் கையை வைத்துக்கொண்டான். உள்ளே விடுதிக்காரியின் குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்து, மடியில் ஜாடியைக் கொடுத்திருந்தார்கள். குழந்தை உள்ளே கையை விட்டு இரண்டு சீட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. பிடித்த கை ஜாடியின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. பத்து பேரும் அதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். எந்த பெஞ்சுக்காரன் எவன் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. டன்னல் மண்டியிட்டுக் கெஞ்சினார். ஹார்மன் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்துக் காட்டினான்.

"ஒண்ணை விடு கண்ணு. ஏதாச்சும் ஒண்ணை. எதை வேணா விடு."

இஸபெலின் காதருகில் இரண்டு ஆண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், ஒருவன் தொடங்கியது மற்றவனுக்குத் தொற்றி, நிறுத்த முடியாமல். உள்ளே அந்தக் குழந்தை வெல்லத்தைப் பார்த்தது, முகங்களைப் பார்த்தது, ஜாடியை இன்னும் இறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. கையை மட்டும் திறக்கவில்லை.